வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஜன்னல்

அத்தியாயம் 9

கைர்கேன் துலெபோவின் விசிட்டிங் கார்டில் 'சர்வதேசத் துப்பறியும் ஆலோசகர்' என்று தங்க எழுத்தில் போட்டிருக்கும். அவர் கடைசியாகக் கடந்த சர்வதேச எல்லை, பக்கத்து நாட்டுப் பிஷ்கெக் பக்கம். அதுவும் மச்சினன் கல்யாணத்துக்கு. அலுவலகம் கசாக் நாட்டு அல்மாத்தி நகரத்தின் கீழ்ப்பகுதியில், மந்தி என்கிற கறிக் கொழுக்கட்டை விற்கும் ஒரு கடையின் மாடியில். கீழே ஆவியில் வேகும் ஆட்டுக்கறியின் வாசனை படியேறி வந்து, எப்பேர்ப்பட்ட துக்கத்தோடு வருகிறவரையும் மதியச் சாப்பாட்டை நினைக்க வைத்துவிடும்.

அன்று காலை வந்தவருக்கு அந்த வாசனை எட்டியதாகவே தெரியவில்லை.

பனி வெயிலில் முகம் கருகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, ஆந்தை போல இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அது ஓடிவிடும் என்பது போலப் பிடித்திருந்தார்.

"பேரு செய்த்கலி. மேல பனியாத்துல வானிலை நிலையம் இருக்கே, அங்க வேலை. என் தங்கச்சி இன்டர்நெட்ல வச்சிருக்கற பிளாக்க வேற யாரோ எழுதுறாங்க."

"தங்கச்சி என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் ஜனார். கைர்கேனின் உதவியாளர் அவள்தான். அதற்கு முன் ஒரு டாக்சி கம்பெனியில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள்; வண்டி எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லி வேலையை இழந்தவள்.

"அதான் தெரியல" என்றார் செய்த்கலி.

கைர்கேன் நாற்காலியில் சாய்ந்து, விரல் நுனிகளைக் கோபுரமாகச் சேர்த்தார். "இணையக் குற்றம். கடவுச்சொல் திருட்டு. இந்தத் துறையில எனக்கு நீண்ட அனுபவம் உண்டு."

"உண்டு உண்டு" என்றாள் ஜனார். "போன மாசம்கூட ஐயா தன்னோட கடவுச்சொல்லத் தேடிக் கண்டுபிடிச்சார். என்னை வச்சுத்தான்."

செய்த்கலி சிரிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார். இலையுதிர்காலத்தில் கணவாய் மூடினால் பனி இளகும்வரை மேலே போன ஆள் மேலேதான். குளிர், காற்று, பனியின் ஆழம் எல்லாவற்றையும் அளந்து கீழே அனுப்ப ஒரு செயற்கைக்கோள் இணைப்பு உண்டு. அதில் படம் வராது, குரல் வராது, எழுத்து மட்டும் நொண்டி நொண்டி வரும். தங்கை உல்ஜானின் பிளாக் அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. 'முற்றத்துச் செய்திகள்' என்று பெயர். பதினாலு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் எழுதுகிறாள்.

ஊரில் எல்லோரும் பிளாக் வைத்திருந்த ஒரு காலம் உண்டு. பல் டாக்டர் வைத்திருந்தார், பல் டாக்டரின் நாய்க்கும் ஒன்று இருந்தது. பிறகு எல்லோரும் வீடியோவில் ஆடப் போய்விட்டார்கள். உல்ஜான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே முற்றத்தில் யார் யாருடைய கார் நிறுத்தும் இடத்தைப் பிடித்தார்கள், யார் மருமகள் யார் மாமியாருக்குப் புதுத் தொப்பி வாங்கிக் கொடுத்தாள் என்று எழுதிக்கொண்டே இருந்தாள். வாசகர் வட்டம் என்பது தங்களைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கிற முற்றத்து ஆட்களும், ஒரு பனிமலையும்.

"ஃபோன் பண்ணிப் பாத்தீங்களா?"

"நேத்து எரிபொருள் லாரில தொத்திக்கிட்டு இறங்கினேன். நியாயமா இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் நான் இறங்கணும். அவ ஃபோன் அணைஞ்சு கெடக்கு."

"வீட்டுக்கு?"

அவர் தொப்பியைத் திருப்பிப் பிடித்தார். "போனேன். முத்தத்துல நின்னேன். மூணாவது மாடில அவ ஜன்னல்ல விளக்கு எரிஞ்சுது. திரைக்குப் பின்னால யாரோ நடந்தாங்க. அவ நடை இல்ல அது. ஏறிப் போகக் கால் வரல." தொப்பியை மறுபடி மடியில் வைத்தார். "நீங்க ஏறிப் போய்ப் பாருங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"எப்பலேர்ந்து சந்தேகம்?" என்றார் கைர்கேன்.

"இலையெல்லாம் கொட்டின சமயம். சீமைமாதுளை ஜாம் கிண்டினதப் பத்தி எழுதினாளே, அது வரைக்கும் அவதான். அடுத்தது ஒரு மரத்தப் பத்தி. படிச்ச உடனே முதுகுல குளுந்துச்சு. அதுக்கப்புறம் மறுபடி வம்பு, சிரிப்பு, எல்லாம் பழையபடி. அந்த ஆளு நல்லாவே கத்துக்கிட்டான். ஆனா எதுவோ ஒண்ணு இடிக்குது. என்னன்னு சொல்லத் தெரியல."

அவரைக் கீழே மந்திக் கடையில் பால் தேநீரோடு உட்கார வைத்துவிட்டு, ஜனார் பதிவுகளை வாய்விட்டுப் படித்தாள். கைர்கேன் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கோடு வருகிறவர்கள் அதை ஆழ்ந்த சிந்தனை என்று நினைப்பார்கள். குறட்டை வந்த இரண்டு சந்தர்ப்பங்களில் ஜனார் ஜன்னலைத் திறந்து போக்குவரத்துச் சத்தத்தால் மூடி மறைத்திருக்கிறாள்.

"மரம்" என்றார்.

ஜனார் படித்தாள். "'பாப்ளர் உச்சியில் இலை இல்லை. கூடு இருக்கிறது, காகம் இல்லை. ஒரு கம்பி குறுக்கே போகிறது. வானத்தை இன்று யாரோ துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.' அவ்ளோதான். இந்தம்மா ஒரு கார் கண்ணாடி உடைஞ்சதுக்கே மூணு பக்கம் எழுதறவங்க."

"அடுத்தது."

"கராஜ் கூரை மேல பனில புதைஞ்சு கிடக்கற ஒரு சறுக்கு வண்டி. அதுக்கடுத்தது கார் சக்கரம், பூட்ஸ், கார் அடில தூங்கற பூனை. அப்புறம்…" அவள் முகத்தைச் சுளித்தாள். "'குப்பைத் தொட்டிகளின் தற்போதைய நிலை உரிய அதிகாரிகளின் உடனடிக் கவனத்துக்கு உரியது.' இது ஜோக்கா, மனுவான்னே தெரியல கைரெகே."

மரியாதைக்குக் கைரெகே என்று அழைக்கப்படும் கைர்கேன் கண்ணைத் திறந்தார். அந்த மாதிரி அவர் திறக்கும்போது மட்டும் ஜனார் வாயை மூடிக்கொள்வாள். கார்டில் இருக்கிற தங்க எழுத்தில் ஒரு துளி நிஜத் தங்கமும் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

"எழுதினவன் யாருன்னு கேக்காதே. எழுதினவன் எங்க நிக்கிறான்னு கேளு. கராஜ் கூரையோட மேல்பக்கம் எந்த மாடிலேர்ந்து தெரியும்?"

"உச்சி மாடி."

"பூட்ஸும் பூனையும்?"

"தரைத் தளம்." அவள் ஃபோனைக் கீழே வைத்தாள். "மூணாவது மாடில உக்காந்து எழுதினா தொப்பியும் தலையும் தெரியும். அந்தம்மா எழுதினதெல்லாம் தொப்பியாவே இருக்கு."

"ஒரு திருடன் ஒரு ஜன்னல்ல உக்காந்து எழுதுவான். இங்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் வேற வேற ஜன்னல். கோட்ட எடு."

---

நான்கு கட்டடங்கள் முதுகைக் காட்டி நின்று, நடுவே ஒரு முற்றத்தை வளைத்துக்கொண்டிருந்தன. பனி உருகி, ஓரக் கால்வாய்களில் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஊஞ்சல் ஒன்று யாரும் இல்லாமல் அசைந்தது. பட்டப்பகலில், மூன்றாவது மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் விளக்கு எரிந்தது. பூத்தொட்டிச் செடியில் புதிதாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜனார் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குப்பைத் தொட்டிகளுக்கு நேர் எதிரே இரண்டாவது மாடி ஜன்னல் ஒன்று இருந்தது. அதைத் தட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த வீட்டுக்காரர் தானாகவே இறங்கி வந்தார். பெக்துர்சின், கட்டடக் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற விரிவுரையாளர். கழுத்தில் டை, காலில் வீட்டுச் செருப்பு.

"அந்நியர்கள் முற்றத்தில் பிரவேசிக்கும்பொழுது காரணம் வினவுவது கமிட்டியின் கடமை" என்றார்.

"குப்பைத் தொட்டி பதிவு பிரமாதம் ஐயா" என்றாள் ஜனார்.

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. மேடையில் மாலை வாங்கப் போகிறவரின் மலர்ச்சி. மறுநொடி தான் என்ன ஒப்புக்கொண்டோம் என்று புரிந்து, டை முடிச்சைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க அவங்க அண்ணன்கிட்டேர்ந்து வர்றோம்" என்றார் கைர்கேன்.

விரிவுரையாளரின் மேடைப்பேச்சு அவரிடமிருந்து அப்படியே கழன்று விழுந்தது. "இறங்கிட்டாரா? இப்பவா? எந்த லாரிக்காரன்யா ஏத்திட்டு வந்தான்?"

மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தவர் லூத்மிலா கிம், உச்சி மாடியில் இருக்கும் கொரியப் பெண்மணி. சந்தையில் காரட் சாலட் விற்கிறவர். கையில் பூவாளி. உள்ளே கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. மேஜையில் மடிக்கணினி திறந்தபடி, மின்சார ஒயரோடு இருந்தது. ஓடுகிற மின்விசிறியின் மெல்லிய இரைச்சல், பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுவது போல.

"நவம்பர்ல போயிட்டா" என்றார் லூத்மிலா. "நோய் ஆறு மாசமா இருந்திருக்கு. அண்ணன்கிட்ட சொல்லவே இல்ல. மேல பனில கயிறு கட்டிட்டு நடக்கற மனுஷன், கால் தவறிடும்னா."

"வானிலை அலுவலகத்துல செயற்கைக்கோள்ல எழுதி அனுப்பிடறோம்னாங்க" என்றார் பெக்துர்சின். "செயற்கைக்கோள்ல சாவு சொல்லுவானா ஒரு கசாக்? காத்தோட வேகத்தையும் கேட்டு, அதே மூச்சுல இதையும் சொல்றதா?"

ஜனாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் சித்தப்பா இறந்ததை அவளிடம் சொல்ல, பெரியவர்கள் ஒரு கும்பலாகக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, முதலில் குதிரை விலை பேசினார்கள், பிறகு வானிலை பேசினார்கள், பிறகுதான் ஒருவர் பறவை பறந்து போனது பற்றிப் பேச ஆரம்பித்தார். சாவை நேரில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, விழுந்தால் பிடிக்கக் கை எட்டும் தூரத்தில்தான் சொல்ல வேண்டும். அதுவரை ஊரே சேர்ந்து பொய் சொல்லலாம். குற்றமில்லை.

"அவர் இறங்கற வரைக்கும் பிளாக் ஓடணும்னு முடிவு பண்ணோம்" என்றார் லூத்மிலா. "ஒரு வெள்ளிக்கிழமை வரலைன்னா அவருக்குத் தெரிஞ்சுடுமே. இந்தக் கம்ப்யூட்டர் வீடு வீடா சுத்துச்சு. எனக்கு ஒரு வாரம், கீழ்வீட்டு டயர்க்காரருக்கு ஒரு வாரம். கஷ்டம்மா. பக்கத்துல எட்டிப் பாக்கறதுக்கே நேரம் இல்லாதவங்க நாங்க. அவள மாதிரி எழுதணும்னா முத்தத்தப் பாக்கணும். பாக்க ஆரம்பிச்சோம்."

"ஆசிரியர் பொறுப்பு என்னுடையது" என்றார் பெக்துர்சின்.

"காற்புள்ளி போடுவார்" என்றார் லூத்மிலா.

"விளக்கு?" என்று கேட்டாள் ஜனார்.

"இருட்டா இருந்தா எங்க யாருக்கும் எழுத வரல."

---

செய்த்கலியை அழைத்து வரும் வேலை ஜனார் தலையில் விழுந்தது. அதற்குள் பெக்துர்சின் பெரியவர்களைக் கூட்டிவிடுவதாக ஏற்பாடு. வழியில் எதுவும் சொல்லக் கூடாது. டாக்சி கம்பெனியில் உண்மை சொல்லி வேலை போனவளுக்கு ஊரில் இருக்கிற மிக நீளமான சாலை அன்று அதுதான்.

மந்திக் கடையில் அவர் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"கண்டுபிடிச்சாச்சு. வாங்க அண்ணே, போகலாம்."

"வீட்லயா இருக்கா?"

"எல்லாரும் வீட்லதான் இருக்காங்க."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். பஸ் மேடேறி மலைப்பக்கம் போகப் போக, அவர் ஜன்னல் வழியே பார்த்தபடியே வந்தார். ஜனார் அந்த வருஷத்துப் பனியைப் பற்றிப் பேசினாள். நிறுத்தத்தில் நிற்காத டிரைவரைத் திட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக ஆமாம் சொன்னார். இறங்கும்போது, "நல்லா பேசறீங்கம்மா. இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. இருவரும் எதுவும் தெரியாதவர்கள் போலவே படியேறினார்கள்.

முறைப்படி எல்லாம் நடந்தது. டயர்க்காரர் கையெல்லாம் தேய்த்துக் கழுவியும் நகத்தில் கறுப்போடு ஒரு பக்கம், பெக்துர்சின் ஒரு பக்கம், தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். பெக்துர்சின் தொடங்கினார். வாழ்நாளெல்லாம் நீளமாகப் பேசிய மனிதர், மூன்றே வாக்கியத்தில் முடித்தார். செய்த்கலி முன்னும் பின்னும் ஆடினார். இருபுறமும் கைகள் பிடித்துக்கொண்டன. அவர் அழுத சத்தம் கீழே முற்றத்துக்குக் கேட்டிருக்கும். ஒரு கதவும் சாத்தப்படவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதினதுக்கு நன்றி. நீங்க இல்லைன்னா அந்தக் குளிர்காலம் எனக்கு இல்ல." பிறகு நிமிர்ந்தார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசியா அவ எழுதினது எது? எங்க அவ நின்னா, எங்க நீங்க ஆரம்பிச்சீங்க?"

லூத்மிலா பூவாளியைப் பார்த்தார்.

"ஜாம் பதிவு" என்றார் பெக்துர்சின். "அதுதான் கடைசி. அடுத்தது, அந்த பாப்ளர், அது நான் எழுதினது. என் முதல் முயற்சி. கொஞ்சம் கவித்துவமா போயிடுச்சு."

செய்த்கலியின் தோள் இறங்கியது. சுமை இறங்கிய இறக்கம் போல ஜனாருக்குத் தோன்றியது.

கைர்கேன் துலெபோவ் தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும்" என்றார். "உங்க ஜன்னல்ல குப்பைத் தொட்டிதான் தெரியும், ஐயா. பாப்ளர் தெரியாது."

"ஞாபகத்திலிருந்து எழுதினேன்."

"எந்த ஜன்னல்ல நின்னாலும் உச்சி மட்டும் தனியா தெரியாது. நின்னு பாத்தா அடிமரம் தெரியும், பெஞ்சு தெரியும், மனுஷங்க தெரிவாங்க. அந்தப் பதிவுல தரையே இல்ல. உச்சி, கூடு, கம்பி, வானம்." அவர் எழுந்து, கோட்டோடும் பூட்ஸைக் கழற்றிய காலுறையோடும், சுருக்கமில்லாத அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். வயிறு மேடாக எழுந்து அடங்கியது. தலையைத் தலையணையில் வைத்து ஜன்னலைப் பார்த்தார். "உச்சி. கூடு. கம்பி. வானம். நான் தவறே செய்யறதில்ல. இது படுத்துக்கிட்டு எழுதினது. இதுதான் உங்க தங்கச்சியோட கடைசிப் பதிவு."

கண்டுபிடிப்புக்குப் பிறகு வருகிற சிறு அமைதியை அவர் எப்போதும் ரசிப்பார். இந்த அமைதி நீண்டுகொண்டே போனது. ஜனார் பெக்துர்சினைப் பார்த்தாள். விரிவுரையாளர் டையைத் தளர்த்திக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். வேறொருவரின் எழுத்தைத் திருடிய ஆளின் முகமாக அது இல்லை.

"கைரெகே" என்றாள் மெதுவாக. "எந்திரிங்க."

செய்த்கலி தன் ஃபோனை எடுத்து, தேடி, அவளிடம் நீட்டினார். பாப்ளர் பதிவின் கீழே, கருத்துப் பகுதி. அவர் பெயரில் ஒரு வரி இருந்தது. 'இது நீ இல்லை. என் தங்கை பெயரில் எழுதும் வெட்கம்கெட்ட ஜென்மம் யார்?'

அதன் கீழே பதில். 'நான்தான், அண்ணே.'

அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"நான் பதில் போடல" என்றார் செய்த்கலி. "திருடன் பேச்சுக் கொடுக்கறான்னு நெனச்சேன்."

கைர்கேன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். விரிப்பில் அவர் உடம்பின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அதைக் கையால் தடவிச் சரிசெய்யப் பார்த்தார். சரியாகவில்லை.

"லூத்மிலா" என்றார் செய்த்கலி. "நீங்க கூட இருந்தீங்களா?"

"கம்ப்யூட்டர நான்தான் பிடிச்சுக்கிட்டேன். ஒத்தை விரலால தட்டினா."

"நான் எழுதினதப் படிச்சாளா?"

"படிச்சா."

"என்ன சொன்னா?"

லூத்மிலா பூவாளியைத் தரையில் வைத்தார். "சிரிச்சா. நாலு வரில கண்டுபிடிச்சுட்டான் பாரு, என் எழுத்து மாறினத வேற யாரும் கவனிக்கலைன்னு சொல்லிச் சிரிச்சா."

அது உண்மையா, குளிர்காலம் முழுக்கப் பழகிய கையின் இன்னொரு பதிவா என்று ஜனாரால் சொல்ல முடியவில்லை. கைர்கேன் துலெபோவுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் லூத்மிலாவின் முகத்தைப் பார்க்காமல், தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செய்த்கலி ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பனி வெடித்த விரலுக்குத் திரை சரியாகப் பணியவில்லை. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். யாரும் உதவ முன்வரவில்லை. டயர்க்காரர் மட்டும் அவர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

மேஜைமேல் இருந்த மடிக்கணினி சின்னதாக ஒரு ஒலி எழுப்பியது. புதிய கருத்து ஒன்று வந்திருப்பதாகத் திரை சொன்னது.

'சரி, உல்ஜான். நீதான்.'